முதல் நல்ல வாட்ச்: 1966 கான்ஸ்டலேஷனா, 2021 டூடரா?

செவ்வரளி, டர்பன்

வணக்கம். ஒரு வருடமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது நானே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

நான் தென்னாப்பிரிக்காவில் நர்ஸ். வேலைக்கு வந்து இந்த ஜூலையோடு 12 வருடம். மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி 60,000 ராண்ட் சேர்த்திருக்கிறேன். அதற்கு மேல் கடன் வாங்க மாட்டேன். வார்டில் மணிக்கட்டில் எதுவும் கட்டக்கூடாது, சீருடையில் குத்தும் தொங்கு வாட்ச்தான். ஆகவே இது வேலை முடிந்த பிறகு கட்டவும், கோயிலுக்குக் கட்டவும், புடவை உடுத்தும் நாளில் கட்டவும். மணிக்கட்டுச் சுற்றளவு 15 சென்டிமீட்டர்.

இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, 1966 ஒமேகா கான்ஸ்டலேஷன், தேதி உள்ளது, ஸ்டீல். டயல் கவிழ்த்த தட்டுப்போல நடுவில் உயர்ந்து ஓரம் பன்னிரண்டு மடிப்பாகச் சரிந்திருக்கும். பைன்டவுனில் ஒருவர் 28,000 கேட்கிறார். போன மாதம்தான் சர்வீஸ் ஆனதாம். இன்னொன்று, டூடர் பிளாக் பே 58, கறுப்பு, 2021-ல் விற்றது. பெட்டி, அட்டை எல்லாம் இருக்கிறது. உம்லங்காவில் ஒரு கடை, 54,000.

மனசு பழையதில்தான் இருக்கிறது. என் அப்பா துணி ஆலையில் 27 வருடம் இருந்தார், கையில் எப்போதும் ஒரு செய்கோ 5. இன்றைக்கும் ஓடுகிறது, ஆனால் ஒரு நாளைக்கு நாலைந்து நிமிடம் பின்தங்குகிறது. பழைய வாட்ச் என்றால் எனக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம். என்ன சொல்கிறீர்கள்?

ஜோபர்க்நெல்லை, ராண்ட்பர்க்

வாழ்த்துகள் தங்கச்சி. கடன் இல்லாமல் வாங்குகிறேன் என்றாயே, பாதி வேலை அங்கேயே முடிந்தது.

முதல் வாட்சுக்கு டூடர்தான் என் ஓட்டு. உள்ளே எம்டி5402 மெஷின், 70 மணி நேரம் தாங்கும், 200 மீட்டர் தண்ணீர் தாங்கும். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். 2021-ல் விற்றதென்றால் ஐந்து வருட உத்தரவாதம் உண்டு, கைமாறினாலும் அது வாட்சோடேயே போகும். அட்டையில் உள்ள தேதியை எண்ணிப் பார், எத்தனை மாதம் மிச்சம் என்று. அல்லது முடிந்தே போயிருக்கலாம், அப்படியானால் விலையில் அது தெரிய வேண்டும்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் கையில் என்ன கட்டியிருக்கிறாய் என்று கவனிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாலில் இருந்தும் விமான நிலையத்தில் இருந்தும் வீடு வரை பின்தொடர்ந்து வந்து பறிப்பது ஜோஹன்னஸ்பர்க்கில் எத்தனை தடவை நடந்துவிட்டது. நான் சாலையில் முழுக்கைச் சட்டைதான். வீட்டுச் சாமான் காப்பீட்டோடு சேர்ந்துவிட்டது என்று இருந்துவிடாதே. வெளியே கொண்டுபோகும் பொருட்களுக்கான 'ஆல் ரிஸ்க்' பகுதியில் இந்த வாட்சைப் பெயர், எண் எல்லாம் போட்டுத் தனியாகச் சேர்க்கச் சொல். மதிப்பீட்டுச் சான்று கேட்பார்கள். வாங்கும் நாளிலேயே கடையில் அதையும் எழுதி வாங்கிவிடு.

பழையபல்சக்கரம், லெனேசியா

அம்மா, நான் 41 வருடம் வாட்ச் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்தவன். இப்போது கண் ஒத்துழைக்காததால் கடையை மூடிவிட்டேன். பழையதில் மனசு என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அதைப் பற்றியே சொல்கிறேன்.

கான்ஸ்டலேஷன் அருமையான வாட்ச். அந்தக் காலத்து 500 வரிசை மெஷின்களைப் போல ஒழுங்காகச் செய்த மெஷின் எனக்கு அதிகம் கைக்கு வந்ததில்லை. மூடியைத் திறந்தால் செம்பு நிறத்தில் மின்னும். அந்த நிறம் ஒரு வசதி, துரு சுலபமாகக் கண்ணில் படும். டர்பன் கடல் காற்று பொல்லாதது. கிரவுன், அதாவது சாவி கொடுக்கும் குமிழ், வழியாக ஈரம் உள்ளே போய் முதலில் சாவித் தண்டைத்தான் பிடிக்கும். ரப்பர் வளையம் செத்துப்போன ஒரு வாட்சை ஒரு கோடைக்காலம் கட்டினால் போதும், தண்டைச் சுற்றிப் பழுப்புப் பொடி படிந்திருக்கும்.

போய்ப் பார்க்கும்போது பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கொண்டு போங்கள். முதலில் கண்ணாடி. பிளாஸ்டிக் கண்ணாடிதான் அதற்குச் சரி. அதன் நட்டநடுவில், உள்பக்கமாக, கடுகில் பாதிகூட இல்லாத ஒமேகா குறி ஒன்று இருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். இல்லாவிட்டால் கண்ணாடி மாற்றியது என்று அர்த்தம், அது பெரிய குற்றம் இல்லை. கிரவுன் பத்துப் பக்கம் வெட்டியது இருக்க வேண்டும். பின்மூடியில் வான் ஆய்வுக்கூடமும் அதற்கு மேல் எட்டு நட்சத்திரமும் இருக்கும். அந்தக் கோபுரம் வழுவழு என்று தேய்ந்திருந்தால் வாட்சை யாரோ பல தடவை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். பட்டை மாட்டும் காதுகளைப் பாருங்கள். ஓர விளிம்பு கத்திபோல நிற்க வேண்டும். சோப்புக் கட்டிபோல உருண்டிருந்தால் போன உலோகத்தைத் திருப்பி வைக்க யாராலும் முடியாது.

அப்புறம் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அவர் திறக்க வேண்டாம், நீங்களும் வேண்டாம். ஒரு ரிப்பேர்காரரிடம் இருவரும் சேர்ந்து போங்கள். மூடிக்குள் மாடல் எண் இருக்கும். தேதி உள்ளது 168.005 என்றால் உள்ளே 561 மெஷின், கொஞ்சம் பிந்தியது என்றால் 564. தேதி இல்லாத 167.005-க்கு 551. டயலில் குரோனோமீட்டர் (நேரத் துல்லியத் தேர்வில் தேறியது) என்று எழுதியிருப்பதால் மெஷின் மேல் ஐந்து நிலைகளிலும் வெப்பத்திலும் சரிசெய்யப்பட்டது என்ற வாசகம் பொறித்திருக்க வேண்டும். மெஷினின் வரிசை எண் 24-ல் தொடங்கும் எட்டு இலக்கமாக இருந்தால் 1966-ஐ ஒட்டி வரும்.

இத்தனையையும் படமெடுத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.

உம்லங்காகாற்று

ஐயா சொன்னதில் மூடியைத் திறப்பது பற்றி நானும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் திறக்காமல் வாங்கினேன். மூன்று வருடம் முன்னால், தனியாள் ஒருவரிடம், 19,000 ராண்ட். வெளியே பளபளப்பு. 'சர்வீஸ் ஆனது' என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பினேன். பில் கேட்கவில்லை, கேட்கக் கூச்சமாக இருந்தது. பாத்திரக் கடையில் 200 ராண்ட் பானைக்குத் தட்டிப் பார்த்து வாங்குகிற நான், இதற்கு வாயைத் திறக்கவில்லை.

ஆறு வாரத்தில் நின்றது. ரிப்பேர்காரர் மூடியைக் கழற்றி என்னையே லென்ஸில் பார்க்கச் சொன்னார். மெஷினின் பாலங்கள், அதாவது பல்சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் தகடுகள், இரண்டு வேறு வேறு மஞ்சள். ஸ்க்ரூக்களின் தலைக் காடி எல்லாம் பிய்ந்திருந்தது. ஒரு பல்சக்கரத்தின் மேல் எண்ணெய் காய்ந்து தேன்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சர்வீஸ் ஆன வாட்சில் அப்படி இருக்காது. சரிசெய்ய 7,400 ஆனது. விற்றவர் அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. ரசீதில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்.

செவ்வரளி, போன மாதம் சர்வீஸ் என்றால் பில் இருக்கும். பில்லில் ரிப்பேர்காரர் பெயர் இருக்கும். அவருக்கு ஒரு போன் போடுங்கள்.

சட்டப்புள்ளி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அந்த ஃபூட்ஸ்டூட்ஸ் வார்த்தை பற்றி. 'இருக்கிறபடியே எடுத்துக்கொள்' என்று பொருள். தனியாள் தன்னுடைய ஒரு வாட்சை விற்கும்போது இது செல்லும். ஆனால் குறை இருப்பது அவருக்கு முன்பே தெரிந்து, வேண்டுமென்றே மறைத்திருந்தால் அந்த வார்த்தை அவரைக் காப்பாற்றாது. தெரிந்துதான் மறைத்தார் என்று நிரூபிப்பது உங்கள் வேலை, அதுதான் கஷ்டம்.

கடை என்றால் கதையே வேறு. 2008-ம் ஆண்டின் 68-ம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று கேட்கும் உரிமை வாங்கியவருக்கு. இதில் ஒரு ஓட்டை உண்டு. 'இன்ன குறை இருக்கிறது' என்று குறிப்பாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால், அந்தக் குறைக்காகத் திரும்பிப் போக முடியாது. ஆகவே பில்லில் என்ன எழுதுகிறார்கள் என்று வரி வரியாகப் படியுங்கள். பழைய பொருள் வாங்கி விற்கும் கடை 2009-ன் 6-ம் எண் சட்டப்படி போலீஸில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

செவ்வரளி, டர்பன்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை பைன்டவுன் போனேன், அண்ணனையும் கூட்டிக்கொண்டு.

அவர் நல்லவிதமாகத்தான் பேசினார். டீ கொடுத்தார். ரிப்பேர்காரரிடம் போகலாம் என்றதும் நேரம் இல்லை என்றார். சர்வீஸ் பில் எங்கேயோ வைத்துவிட்டாராம். மூடி திறந்த படம் ஒன்று போனில் வைத்திருந்தார், அதை அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். லென்ஸில் பார்த்தபோது நெஞ்சு படபடத்தது, அத்தனை அழகு. ஆனால் டயலில் எழுத்துகள் ஒரே கனமாக இல்லை. குரோனோமீட்டர் என்ற வார்த்தையில் முதல் எழுத்து பருத்து, கடைசி எழுத்து மெலிந்து, சில இடத்தில் மை கசிந்தது போல. ஆறுக்குக் கீழே ஓரத்தில் ஸ்விஸ் என்ற வார்த்தையே இல்லை. மெஷினில் 562 என்று பொறித்திருக்கிறது. ஐந்து நிலை என்ற வாசகம் எங்கேயும் இல்லை.

ஐயா, இது என்ன?

பழையபல்சக்கரம், லெனேசியா

படம் பார்த்தேன் அம்மா. நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள்.

562-ம் ஒமேகாதான், 561-க்குக் கூடப் பிறந்தது. தேய்மானம் தடுக்கும் 24 கல், தேதி எல்லாம் உண்டு. ஆனால் அது குரோனோமீட்டர் தேர்வுக்குப் போகாத மெஷின், ஒமேகாவின் இன்னொரு மாடலான சீமாஸ்டரில் போட்டது. யாரோ ஒரு சீமாஸ்டர் மெஷினைக் கான்ஸ்டலேஷன் கூட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். டயல் மறுபடி அச்சடித்தது. கூடு, டயல், மெஷின் மூன்றும் மூன்று வீட்டுப் பிள்ளைகள்.

இப்போது விற்கிறவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். 50 வருடத்தில் நாலு கை மாறியிருக்கும், எந்தக் கையில் எது நடந்ததோ. நானே அந்த நாளில் உதிரி கிடைக்காமல் ஒரு வாட்சின் சக்கரத்தை இன்னொன்றுக்குப் போட்டிருக்கிறேன், வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுத்தான். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 28,000 ராண்ட் என்பது எல்லாம் அசலாக இருக்கிற கான்ஸ்டலேஷனுக்கு உள்ள விலை.

நொடிமுள், கேப்டவுன்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். டயல் மறுபடி அச்சடித்தது என்றதுமே எல்லோரும் பாம்பைக் கண்டது போல ஓடுகிறோம். ஒரு காலத்தில் டயல் மங்கினால் புதுசாக அச்சடித்துத் தருவது சர்வீஸிலேயே சேர்ந்தது. நம் தாத்தாக்கள் அதைப் பெருமையாகச் செய்துகொண்டார்கள். செவ்வரளிக்கு அந்த முகம் பிடித்திருக்கிறது. பத்தாயிரம் ராண்டுக்கு வந்தால், விற்கிற எண்ணம் இல்லாவிட்டால், கட்டிக்கொள்வதில் என்ன தப்பு?

அதோடு, தெரிந்தவர்களே ஏமாறுகிறார்கள். 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஒரு 1957 ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் ஏலம் போனது. 2023-ல் பார்த்தால் பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்று வெளிவந்தது. உலகமே பார்த்த வாட்ச் அது. நம்மைப் போன்றவர்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட முடியாது.

பழையபல்சக்கரம், லெனேசியா

தம்பி, கட்டிக்கொள்வதில் தப்பே இல்லை. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து, அதற்குண்டான விலை கொடுத்து வாங்கினால் சரி. இந்தியாவில் இருந்து வரும் பழைய எச்எம்டி, ஃபேவர் லூபா எத்தனையோ மும்பையில் டயல் அச்சடித்துப் பளபளவென்று வருகின்றன. வாங்குகிறவருக்குத் தெரிந்தால் சந்தோஷமாகக் கட்டிக்கொள்ளலாம்.

ஆனால் இது அந்தப் பெண்ணின் முதல் வாட்ச். 12 வருட உழைப்பு. முதல் வாட்ச் நின்றுபோனால், அதில் பொய் இருந்தது என்று தெரிந்தால், பிறகு இந்தப் பக்கமே வராமல் போனவர்களை என் மேசையில் நிறையப் பார்த்திருக்கிறேன். பில் காட்டாதவரிடம், மூடி திறக்க ஒப்பாதவரிடம் முதல் வாட்சை வாங்க வேண்டாம். நான் கேட்டுக்கொள்வது அவ்வளவுதான். அது ஒமேகாவோ டூடரோ, பெயர் அப்புறம்.

செவ்வரளி, டர்பன்

அவர் 22,000-க்கு இறங்கினார், நேற்று இரவு 18,000. தூக்கம் வரவில்லை. கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை உம்லங்கா போகிறேன். டூடரில் எதைப் பார்க்க வேண்டும்?

ஜோபர்க்நெல்லை, ராண்ட்பர்க்

சரியான முடிவு தங்கச்சி, அழுததில் தப்பில்லை.

அட்டையில் உள்ள எண்ணும் கூட்டில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பார். செயினில் எல்லாக் கண்ணியும் இருக்கிறதா என்று எண்ணு, உனக்கு 15 சென்டிமீட்டர் என்பதால் நிறையக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றியதைப் பையில் போட்டுக் கையில் வாங்கு, பிற்பாடு தனியாக வாங்கினால் விலை. கட்டிப் பார்க்கும்போது காது இரண்டும் மணிக்கட்டைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது. 39 மில்லிமீட்டர் உனக்கு எல்லைக்கோட்டில்தான் இருக்கும்.

பழையபல்சக்கரம், லெனேசியா

டைம்கிராஃபரில் உங்கள் கண் முன்னால் வைக்கச் சொல்லுங்கள் அம்மா. மைக் மேல் வைத்தால் டிக் டிக்கைக் கேட்டு மூன்று எண் காட்டும். ஒரு நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது என்பது முதல் எண், எல்லோரும் அதை மட்டும் பார்ப்பார்கள். எனக்கு முக்கியம் இரண்டாவது, பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி ஆடுகிறது என்பது. முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க வைத்தால், 270-க்கு மேல் இருந்தால் நல்ல ஆரோக்கியம். 220-க்குக் கீழே போனால் எண்ணெய் காய்ந்திருக்கலாம். உங்களுக்கு நாடி பிடிக்கத் தெரியும், அது போலத்தான். மூன்றாவது பீட் எரர், அதாவது டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள நேர வித்தியாசம், ஒரு மில்லி விநாடிக்குள் இருந்தால் போதும்.

டயல் மேலே, டயல் கீழே, கிரவுன் கீழே என்று மூன்று நிலையிலாவது வைக்கச் சொல்லுங்கள். ஒரே நிலையில் காட்டிவிட்டு எடுத்துவிட்டால் பாதிதான் தெரியும். தண்ணீர் அழுத்தச் சோதனையும் கேளுங்கள்.

உம்லங்காகாற்று

பணத்தை முன்கூட்டி அனுப்பாதீர்கள். கையில் வாட்ச், பில் இரண்டும் வந்த பிறகு அங்கேயே இஎஃப்டி (வங்கிப் பணமாற்றம்) போடுங்கள். பில்லில் எண், 'சர்வீஸ் செய்யப்படவில்லை' அல்லது 'செய்யப்பட்டது, தேதி இன்னது' எல்லாம் இருக்கட்டும்.

செவ்வரளி, டர்பன்

வாங்கிவிட்டேன்!

கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தேன். டைம்கிராஃபர் கேட்டதும் அந்தப் பையன் சந்தோஷமாக உள்ளே கூட்டிப்போய்க் காட்டினான். டயல் மேலே: நாளைக்கு 3 விநாடி முன்னே, 288 டிகிரி, பீட் எரர் 0.1. டயல் கீழே: 2 விநாடி, 284. கிரவுன் கீழே: 1 விநாடி பின்னே, 261. மூன்றையும் அவர்கள் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். அழுத்தச் சோதனையில் தேறியது. எண் பொருந்துகிறது. கண்ணி எல்லாம் இருக்கிறது, ஐந்து கழற்றிப் பையில். கொக்கியின் அடியில் இரண்டு நீளக் கீறல், அதைக் காட்டி 51,500-க்குப் பேசி முடித்தேன். மதிப்பீட்டுச் சான்றும் கொடுத்தார்கள். மிச்சத்தில் ஒரு வருடக் காப்பீட்டுக்கு ஒதுக்கிவிட்டேன்.

கிரவுனில் ஒரு சின்ன ரோஜா பொறித்திருக்கிறது, லென்ஸில் பார்த்துப் பார்த்து மாளவில்லை. மணிகாட்டும் புள்ளிகளைச் சுற்றித் தங்க நிற வளையம். அப்பா வாங்கிப் பார்த்தார். காதில் வைத்தார். 'என்னதைவிட வேகமா அடிக்குது' என்றார்.

பழையபல்சக்கரம், லெனேசியா

சரியாகத்தான் சொன்னார். உங்களுடையது மணிக்கு 28,800 துடிப்பு, பழைய செய்கோ 5 பெரும்பாலும் 21,600. அந்த வித்தியாசத்தைக் காதாலேயே பிடித்துவிட்டார் பாருங்கள், ஆலை இரைச்சலில் 27 வருடம் இருந்த காது.

அவருடையது நாலைந்து நிமிடம் பின்தங்குவது எண்ணெய் காய்ந்ததால்தான் இருக்கும். அப்படியே ஓட்டினால் அச்சு முனைகள் தேயும். டர்பனில் எனக்குப் பழக்கமான ஒருவர் இருக்கிறார், தனிச் செய்தியில் அனுப்புகிறேன். டயலைத் தொட வேண்டாம், பாலிஷ் வேண்டாம், மெஷினை மட்டும் கழுவி எண்ணெய் போடச் சொல்லுங்கள்.

நொடிமுள், கேப்டவுன்

வாழ்த்துகள்! என்னிடம் ஒரு பழக்கம் உண்டு, சொல்கிறேன். இங்கே சிக்னல் ஹில்லில் ஞாயிறு, விடுமுறை நாள் தவிர தினமும் பகல் 12-க்குப் பீரங்கி வெடிக்கும், வான் ஆய்வுக்கூடத்தின் கடிகாரம்தான் அதை இயக்குகிறது. என் அலுவலகம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஆகவே ஆறு விநாடி கழித்துத்தான் சத்தம் வரும். அதைக் கழித்து வாட்சைச் சரிபார்ப்பேன். நீங்களும் ஏதாவது ஒரு நேரத்தை வைத்துக் குறித்துக்கொண்டே வாருங்கள். இரவில் கழற்றி வைக்கும் நிலையை மாற்றினால் நாளுக்கு ஒன்றிரண்டு விநாடி மாறும், முந்துவதை அதை வைத்தே சரிக்கட்டலாம்.

செவ்வரளி, டர்பன்

குறித்துக்கொண்டிருக்கிறேன். பணிக்குக் கிளம்பும் முன் காலை 6.20-க்குப் போன் நேரத்தோடு ஒப்பிடுகிறேன், பிறகு கழற்றி வைத்துவிட்டுத் தொங்கு வாட்சைக் குத்திக்கொள்கிறேன்.

அப்பாவின் செய்கோவை ஐயா சொன்னவரிடம் கொடுத்தாயிற்று. மூடியைத் திறந்து என்னையும் லென்ஸில் பார்க்கச் சொன்னார். மெஷின் அசல்தான், ஒரு பாகம்கூட மாற்றியதில்லையாம். மூன்று வாரம் ஆகும்.

டூடர், எட்டாம் நாள்: 17 விநாடி முன்னே. அன்று இரவு கிரவுன் கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்தேன். ஒன்பதாம் நாள்: 17.